சியோல் தள்ளுவண்டிகள்: எதற்கு நிற்கலாம், எதைக் கடந்து போகலாம்

தள்ளுவண்டியில் சமைப்பவரிடம் இருப்பவை சில பொருள்கள்தாம். ஒரு காஸ் சிலிண்டர், அகலமான ஓர் இரும்புத் தட்டம், ஒரு பெரிய பாத்திரம், காற்றுக்கும் மழைக்கும் மறைப்பாக ஒரு தார்ப்பாய். தண்ணீரை எங்கிருந்தோ சுமந்து வர வேண்டும். வாங்குபவர் நின்றபடியே தின்கிறார். குளிர்காலமானால் கையுறையைக் கழற்றவும் மனமில்லாமல் தின்கிறார். இந்த நெருக்கடிக்குள் எது நன்றாக வருமோ அதுதான் வண்டி உணவு. உணவகத்தில் இன்னும் நன்றாகச் செய்யக்கூடிய ஒன்றை வண்டியில் வைத்து விற்பதில் விற்பவருக்கு ஆதாயம் இருக்கலாம். தின்பவருக்கு என்ன இருக்கிறது என்று கேட்டாக வேண்டும்.

கொரியத் தொலைக்காட்சித் தொடர்கள் பார்த்துப் பழகிய நம்மவர்களுக்குச் சியோலின் சிவப்புத் தார்ப்பாய் வண்டிகள் இன்று நன்றாகத் தெரிந்த காட்சி. அந்தப் பழக்கத்தாலேயே, அங்கே விற்பதெல்லாம் ஒரே தரம் என்ற எண்ணமும் வந்துவிட்டது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் புகழும் பட்டியல்களுக்குக் குறைவில்லை. பிரித்துப் பார்ப்பவர்தான் குறைவு. நான் பிரித்துப் பார்க்கும் வழி இது. அடுப்பில் கிடக்கக் கிடக்க ருசி ஏறும் பண்டம் ஒரு வகை. இறக்கிய சில நிமிடங்களுக்குள் தின்றாக வேண்டியது இன்னொரு வகை. முன்னது ஆளுக்காகக் காத்திருக்கிறது. பின்னதற்காக ஆள் காத்திருக்கிறார். இரண்டுக்கும் வண்டியே சரியான இடம். இந்த இரண்டிலும் சேராத பண்டம் ஏன் வண்டியில் இருக்கிறது என்ற கேள்வியை அதனதன் முன்னால் வைத்துப் பார்க்கலாம்.

முதல் வகையில் முதலில் பேச வேண்டியது தொக்பொக்கி. விரல் நீளத்துக்கு உருட்டிய தொக் என்னும் அரிசிமாவுத் துண்டுகள் சிவந்த குழம்பில் தளதளவென்று கொதிக்கும் பண்டம் அது. அரண்மனைச் சமையலில் இதற்கு இந்த நிறம் கிடையாது. சோயா சாறும் மாட்டிறைச்சியும் காய்களும் சேர்த்துப் பிரட்டிய உணவாகவே அது இருந்தது. சிவப்புத் தொக்பொக்கியின் தொடக்கத்தைச் சியோலின் சிந்தாங்-தோங் பகுதியில் 1953-இல் கடை போட்ட மா போக்-ரிம் என்ற பெண்மணியோடு சேர்த்துச் சொல்வார்கள். கொரியப் போர் ஓய்ந்த ஆண்டு அது. சீனக் கருப்புச் சாற்றில் தவறி விழுந்த ஒரு தொக் துண்டின் ருசி பிடித்துப்போய், மிளகாய் விழுதான கொச்சுஜாங்கோடு அந்தக் கருப்புச் சாற்றையும் கலந்து விற்கத் தொடங்கினார் என்பது கதை. அந்தத் தெரு இன்று தொக்பொக்கிக் கடைகளுக்கே பெயர் பெற்றது.

இந்தப் பண்டம் பரவியதற்கு ருசியைவிடப் பெரிய காரணம் பஞ்சம். போருக்குப் பிறகு அமெரிக்க உதவியாகக் கப்பல் கப்பலாகக் கோதுமை மாவு வந்திறங்கியது. அரிசிக்குத் தட்டுப்பாடு. 1960-களிலும் 70-களிலும் அரிசியைக் குறைத்துக் கோதுமையும் மற்ற தானியங்களும் உண்ணுங்கள் என்று அரசே இயக்கம் நடத்தியது. மற்ற தானியம் கலந்திருக்கிறதா என்று பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவு டப்பாவைத் திறந்து பார்த்த காலம் அது. அரிசித் தொக்கின் இடத்தில் கோதுமைத் தொக் வந்தது. மலிவு என்பதால் பள்ளி வாசல்களில் வண்டிகள் முளைத்தன. ஒரு தலைமுறையே அந்த வண்டிகளின் முன்னால் வளர்ந்தது.

அரிசித் தொக்கா கோதுமைத் தொக்கா என்ற வாதம் கொரியர்களிடையே இன்னும் முடியவில்லை. உயர்ந்தது அரிசி, ஏழைக்கு வாய்த்தது கோதுமை என்று பொதுவாகச் சொல்வதை நான் ஏற்கவில்லை. அரிசித் தொக்கைக் கடித்தால், கொழுக்கட்டை மாவை இன்னும் பலமாக இடித்து இறுக்கியது போன்ற ஒரு மெல்லல் கிடைக்கிறது. பல்லில் ஒட்டி, இழுத்து, பிறகுதான் விடுகிறது. ஆனால் குழம்பு அதன் தோலோடு நின்றுவிடுகிறது. உள்ளே வெறும் சோற்றுச் சுவை. நெடுநேரம் கொதித்தால் குழைந்து கரைகிறது, ஆறினால் விறைக்கிறது. கோதுமைத் தொக் அவ்வளவு இழுக்காது. ஆனால் அடுப்பில் மணிக்கணக்காகக் கிடந்தாலும் உருக்குலையாமல் குழம்பை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மாலை நான்கு மணிக்குத் தட்டத்தில் போட்டதை ஏழு மணிக்கு வரும் ஒருவருக்கு அள்ளி வைக்க வேண்டிய தொழிலுக்கு எது பொருந்தும்? வீட்டிலும் உணவகத்திலும் அரிசி ஜெயிக்கட்டும். வண்டியில் கோதுமைக்கே என் ஓட்டு.

குழம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொச்சுஜாங்கில் மிளகாய்த்தூள் மட்டுமல்ல, சோயா மொச்சையைப் புளிக்க வைத்த பொடியும் பசையரிசியும் முளைகட்டிய பார்லியும் சேர்கின்றன. மாதக்கணக்கில் புளிக்கும்போது காரத்துக்கு அடியில் ஓர் ஆழமான உப்புச் சுவையும் மெல்லிய இனிப்பும் உண்டாகின்றன. நல்ல வண்டிக்காரர் நெத்திலியும் கடற்பாசியும் போட்டுக் கொதிக்கவைத்த சாற்றில் இதைக் கரைத்து, நீர் வற்ற வற்றச் சாறு ஊற்றி, பதத்தைக் காப்பாற்றிக்கொண்டே இருக்கிறார். அந்தக் கைப்பக்குவம் உண்மையான சமையல். மோசமான வண்டியில் சோளப்பாகு அள்ளிக் கொட்டப்படுகிறது. நாக்கில் முதலில் படுவது பாகு, பிறகு வெறும் எரிச்சல். நடுவில் இருக்க வேண்டிய புளித்த சுவை காணாமல் போகிறது. அண்மைக் காலத்தில் இந்த இனிப்பு கூடிக்கொண்டே போவதாகத்தான் எனக்குப் படுகிறது. மிளகாய்க் காரத்தில் பிறந்து வளர்ந்த தமிழ் நாக்குக்குத் தொக்பொக்கியின் காரம் பெரிய சவால் அல்ல. அந்தச் சர்க்கரைதான் இடறும்.

தட்டு கழுவத் தண்ணீர் இல்லாததால் பச்சைப் புள்ளி போட்ட மெலமைன் தட்டுக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றி, அதன்மேல் கொதிக்கும் குழம்பை ஊற்றித் தருவது பல வண்டிகளில் வழக்கம். அதற்கான காரணம் புரிகிறது. ஆனாலும் கொதிக்கும் காரக் குழம்பை மெல்லிய பிளாஸ்டிக்கின்மேல் ஊற்றுவதை எந்த ஏக்க நினைவும் நியாயப்படுத்தாது. காகிதக் கிண்ணத்தில் தரும் வண்டியைத் தேடிப் போவதே நல்லது.

தொக்பொக்கிக்குத் துணையாக ட்விகிம் என்னும் பொரித்த பண்டங்களும் சுந்தேயும் நிற்கும். ட்விகிமைக் காலையிலேயே பொரித்து அடுக்கிவிடுகிறார்கள். கேட்டால் மறுபடி எண்ணெயில் முக்கித் தருவார்கள். தனியாகத் தின்றால் எண்ணெய்ப் பிசுக்குத்தான் மிஞ்சும். கண்ணாடிச் சேமியாவைக் கடற்பாசித் தாளில் சுருட்டிப் பொரித்த கிம்மாரியை மட்டும் விதிவிலக்காகச் சொல்வேன். அதைச் சிவப்புக் குழம்பில் புரட்டும்போது மொறுமொறுப்பு பாதி இளகி, பாதி நிற்கும் ஒரு நிலை வரும். அது தனி ருசி. சுந்தே, பன்றிக்குடலுக்குள் இரத்தமும் சேமியாவும் அடைத்து அவித்தது. சியோலில் மிளகாய் கலந்த உப்பில் தொட்டுத் தின்பார்கள். துறைமுக நகரான பூசான் பக்கம் மொச்சை விழுது. அவித்த சூட்டிலேயே மூடிக் கிடப்பதால் இதுவும் காத்திருக்கத் தெரிந்த பண்டம்தான். ஆனால் இன்று பெரும்பாலான வண்டிகளில் ஆலையிலிருந்து வரும் ஒரே மாதிரிச் சுந்தேதான் கிடைக்கிறது. ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் வேறுபாடு இல்லாத பண்டத்துக்கு நான் அதிக மதிப்பெண் தர மாட்டேன்.

அதே வண்டியின் மறுமூலையில், ஆவி பறக்கும் பாத்திரத்துக்குள் ஓமுக் குச்சிகள் நிற்கின்றன. அரைத்த மீனும் மாவும் பிசைந்து, தாளாகத் தட்டிப் பொரித்து, மடித்து மடித்து நீளக் குச்சியில் கோத்த பண்டம். பிறப்பு ஜப்பானியம். ஜப்பானியக் காலனிக் காலத்தில் பூசான் துறைமுகத்தில் வேரூன்றி, அங்கிருந்து நாடெங்கும் பரவியது. பூசானின் யோங்தோ தீவில் 1953-இல் தொடங்கிய சம்ஜின் நிறுவனம் இன்றும் நடக்கிறது. முள்ளங்கி, கடற்பாசி, காய்ந்த நெத்திலி, சில வண்டிகளில் ஒரு நண்டு, எல்லாம் சேர்ந்து கொதிக்கும் சாற்றில் இந்தக் குச்சிகள் நாள் முழுக்கக் கிடக்கின்றன. மீன் தன் சுவையைச் சாற்றுக்குக் கொடுக்கிறது. சாறு தன் சுவையை மீனுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. மாலை ஏற ஏற இரண்டுமே நல்லதாகின்றன. ஓமுக் வாங்குபவருக்கு அந்தச் சாறு இலவசம். காகிதக் கோப்பையில் அள்ளிக் குடித்துக்கொள்ளலாம், மறுபடி கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

பணம் கொடுக்கும் முறையும் பிடித்திருக்கிறது. நீங்களே குச்சியை எடுத்துத் தின்கிறீர்கள். கடைசியில் வண்டிக்கார அம்மா வெறும் குச்சிகளை எண்ணிக் கணக்குச் சொல்கிறார். தொட்டுக்கொள்ளும் சோயா சாறு ஒரு காலத்தில் எல்லாருக்கும் பொதுவான கிண்ணத்தில் இருந்தது. சுகாதாரக் கேள்வி எழுந்த பிறகு பல வண்டிகளில் தூரிகையால் தடவிக்கொள்ளவோ பீச்சிக்கொள்ளவோ வைத்திருக்கிறார்கள். நல்ல மாற்றம். பூசான் வண்டிகளில் இதே சாற்றில் ஊறிய தொக் துண்டையும் குச்சியில் விற்பார்கள். காரமே இல்லாமல், மீன்சாற்றின் உப்பை மட்டும் குடித்து மெத்தென்று ஊதியிருக்கும். சியோல் வண்டிகள் பூசானிடம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் அது.

இரண்டாம் வகைக்கு வருவோம். ஹொத்தொக் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீன வணிகர்களோடு கொரியாவுக்கு வந்தது. ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்த ஈரமாவை உள்ளங்கையில் எண்ணெய் தொட்டுப் பிய்த்து, நடுவே நாட்டுச் சர்க்கரையும் லவங்கப்பட்டைத் தூளும் உடைத்த வேர்க்கடலையும் வைத்து மூடி, சுடு தட்டத்தில் இட்டு, ஒரு பக்கம் நிறம் பிடித்ததும் திருப்பி வட்ட இரும்பால் அழுத்துகிறார்கள். அந்த அழுத்தத்தில் இருக்கிறது எல்லாம். அவசரப்பட்டால் மாவு கிழிந்து சர்க்கரை தட்டத்தில் ஓடிக் கருகும். தாமதித்தால் உள்ளே மாவு வேகாமல் கனத்திருக்கும். சரியாக அமைந்ததில் வெளித்தோல் மொறுமொறுப்பு, அடுத்த அடுக்கு பஞ்சு, அதன் நடுவே கொதிக்கும் பாகு. நாக்கைச் சுடாமல் இதைத் தின்ன வழியில்லை. பொறுமையாக ஆறவைத்தால் பாகு மாவுக்குள் இறங்கி எல்லாமே ஈரத் துணியாகிவிடும். அந்தச் சில நிமிடங்களே இதன் வாழ்நாள். பொட்டலம் கட்டி வீட்டுக்கு எடுத்துப் போனால் ஹொத்தொக் என்ற பெயர்தான் வீடு போய்ச் சேரும்.

இதிலும் தரவேறுபாடு உண்டு. மூலவடிவத்தில் குறை என்றால் அதன் ஒற்றை இனிப்பு. அந்தக் குறையைச் சரியாகப் பிடித்துத் தீர்த்தவர்கள் பூசான் நாம்போ-தோங்கின் பிஃப் சதுக்க வண்டிக்காரர்கள். பொரித்த ஹொத்தொக்கைக் கத்தரிக்கோலால் வாயைத் திறந்து, சூரியகாந்தி விதை, பூசணி விதை, கடலை என்று ஒரு கரண்டி அள்ளி உள்ளே திணித்துத் தருகிறார்கள். பாகின் திகட்டலை விதைகளின் கொழுப்பும் கடிபடும் நெறுநெறுப்பும் அடக்கிவிடுகின்றன. மரபைக் கெடுக்காமல் மேம்படுத்துவது எப்படி என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணத்தை வண்டி உணவில் நான் காணவில்லை. சியோலின் நாம்தேமுன் சந்தையில் சேமியாவும் காய்களும் வைத்த உப்பு ஹொத்தொக் விற்கிறது. நல்லதுதான், ஆனால் பாகு என்ற அந்த அவசரம் போய்விட்டதால் அது சாதாரணப் பொரித்த ரொட்டியாகவே நிற்கிறது.

இதே வகையில் இன்னொன்று புங்கொப்பாங். ஜப்பானிலிருந்து 1930-களில் வந்தது; மீன் வடிவ இரும்பு அச்சில் நீர்த்த மாவை ஊற்றிச் சிவப்புப் பயறு விழுதை வைத்துச் சுட்டது. மீன் என்று பேர், மீன் கிடையாது. வால் நுனியில் மாவு மெலிந்து மொறுகியிருக்கும். வயிற்றில் விழுது கொதிக்கும். எளிமையான பண்டம், அதற்குமேல் பாராட்ட ருசியில் ஒன்றுமில்லை. ஆனால் இதன்மேல் கொரியர்களுக்கு உள்ள பற்று வேறு எதன்மேலும் இல்லை. 1997 நிதி நெருக்கடியில் வேலை இழந்த பலர் இந்த அச்சை வாங்கிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் புங்கொப்பாங் வண்டி இருப்பதை ஒரு வசதியாக எண்ணிப் பேசுகிறார்கள். வண்டிகள் எங்கே நிற்கின்றன என்று காட்டும் கைப்பேசிச் செயலிகூட இருக்கிறது. 1,000 வோனுக்கு மூன்று நான்கு கிடைத்த காலம் போய், இன்று 2,000 வோனுக்கு இரண்டோ மூன்றோதான். பயறு, மாவு, காஸ் எல்லாம் விலையேறிவிட்டன.

இனி சியோலின் மியோங்தோங். மாலையில் வரிசையாக வண்டிகள் வந்து நிற்கும் கடைத்தெரு. இங்கே வாங்குபவர்களில் பெரும்பங்கு வெளிநாட்டுப் பயணிகள். சீஸ் போர்த்திச் சுட்ட கடல் இறால், தீச்சுடரால் வாட்டும் மாட்டிறைச்சித் துண்டுகள், சுருள்சுருளாக நீட்டிய உருளைக்கிழங்கு, சர்க்கரைப் பாகில் தோய்த்த பழக்குச்சி, இழுத்தால் முழநீளம் நீளும் மொட்சரெல்லா ஹாட்டாக். இவற்றைக் குறைசொன்னால் ஒரு பதில் உடனே வரும்: புதிது என்பதால் வெறுக்கிறாய், தொக்பொக்கி அமெரிக்க மாவில் வளர்ந்தது, ஓமுக் ஜப்பானியம், ஹொத்தொக் சீனம், அவை மட்டும் மண்ணின் உணவா? இந்தப் பதிலில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் பிறப்பை வைத்து எதையும் நான் தள்ளப்போவதில்லை. முதலில் வைத்த கேள்வியையே இங்கும் வைக்கிறேன்.

சீஸ் இறால் காத்திருக்கத் தெரிந்ததா? இல்லை, இறால் சூட்டில் கிடந்தால் ரப்பராகும், சீஸ் உறைந்து தோலாகும். சில நிமிட ஆயுளுக்காக வரிசையில் நிற்கத் தக்கதா? உணவகத்தில் இதைவிட நல்ல இறாலை, உட்கார்ந்து, முள்கரண்டியோடு தின்னலாம். வண்டி இதற்கு எதையும் சேர்க்கவில்லை. சேர்ப்பது ஒளிப்படத்துக்கான வெளிச்சத்தை மட்டுமே. விலையோ உணவக விலை. 2023-இல் மியோங்தோங் விலைகளைப் பற்றிக் கொரியர்களே உரக்கக் குறைபட்டார்கள். விலைப்பலகை வைக்கச் சொல்லி மாவட்ட நிர்வாகம் தலையிட வேண்டியிருந்தது.

ஹாட்டாக்கை மட்டும் இந்தக் கூட்டத்திலிருந்து பிரித்து நிதானமாகப் பார்க்க வேண்டும். குச்சியில் கோத்த தொத்திறைச்சியை மாவில் முக்கிப் பொரிப்பது கொரியத் தெருவுக்குப் பழைய பண்டம். உருளைக்கிழங்குத் துண்டுகள் ஒட்டிப் பொரித்ததும் பள்ளி வாசல்களில் நெடுங்காலமாக உண்டு. 2016-இல் பூசானில் தொடங்கிய மியோங்னாங் நிறுவனம் அரிசிமாவு கலந்து, சீஸ் வைத்து, மலிவாக விற்றபோது அது நாடெங்கும் அலையடித்தது. அரிசிமாவு தரும் மெல்லிய முறுகலும், மேலே உருட்டிய சர்க்கரையோடு தொத்திறைச்சியின் உப்பு மோதுவதும் உண்மையிலேயே நல்ல யோசனை. கேட்டதும் பொரித்துத் தருகிற இடத்தில் இது இரண்டாம் வகையில் சேரத் தகுதியுள்ளது. முழுக்கச் சீஸ் மட்டும் வைத்ததில்தான் யோசனை கெடுகிறது. உப்பும் புகைமணமும் போய், இழுபடும் ஒரு வெள்ளைக் கயிறு மட்டும் எஞ்சுகிறது. ஆறினால் அதுவும் இல்லை. தொத்திறைச்சி வைத்ததையே கேளுங்கள்.

கடைசியாகப் பார்க்க வேண்டிய இடம் சியோலின் குவாங்ஜாங் சந்தை. அது 1905-இல் தொடங்கியது. இங்கே இருப்பவை சக்கரம் வைத்த வண்டிகளல்ல. பெஞ்சு போட்ட தட்டுக்கடைகள். ஆனால் சமையல் தர்க்கம் அதேதான். பச்சைப் பயற்றை ஊறவைத்துக் கண்முன்னே கல் எந்திரத்தில் அரைத்து, முளைப்பயறும் கிம்ச்சியும் சேர்த்து, எண்ணெய் குளமாக நிற்கும் தட்டத்தில் பொரிக்கும் பிந்தேத்தொக், இந்தக் கட்டுரையில் வரும் பண்டங்களிலேயே சமையல் உழைப்பு அதிகம் கோருவது. நல்லெண்ணெய் மணம் ஏறிய குட்டிக் கிம்பாப் என்னும் கடற்பாசிச் சோற்றுச் சுருளை இங்கே தவிர்க்க வேண்டியதில்லை. 2019-இல் நெட்ஃபிளிக்ஸ் தொடர் ஒன்றில் இந்தச் சந்தை இடம்பெற்ற பிறகு கூட்டம் பெருகியது. 2023-இல் ஒரு கலவை வடைத் தட்டின் அளவும் விலையும் காணொளியில் அம்பலமாகிக் கொதிப்பு எழ, அளவை எழுதிவைக்கும் முறையைச் சியோல் மாநகராட்சி அறிவித்தது. பிந்தேத்தொக்கை அந்தக் குற்றச்சாட்டில் சேர்ப்பது அநியாயம். அந்த உழைப்புக்கு அந்த விலை தகும். கலவைத் தட்டுகளைத் தவிர்த்து அதை மட்டும் வாங்குவது அறிவு.

விலையைப் பற்றிப் பேசும்போது விற்பவர்களின் நிலையையும் எடைபோட வேண்டும். பெரும்பாலான வண்டிகளுக்குச் சட்டம் இடம் கொடுத்ததில்லை. 1988 ஒலிம்பிக்குக்காகத் தெருக்கள் துடைக்கப்பட்டன. செயோங்கேசோன் ஓடையை மீட்டெடுத்த 2003 முதல் 2005 வரையான பணியில் அந்தப் பகுதி வியாபாரிகள் இடம்பெயர்க்கப்பட்டார்கள். 2019 முதல் மாநகராட்சி அனுமதி முறை ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறது. வண்டி வைத்திருப்பவர்களில் முதியவர்கள் அதிகம். அவர்கள் ஓய்ந்தால் வண்டியும் ஓய்கிறது. இன்று 4,000, 5,000 வோன் கொடுத்து வாங்கும் ஒரு தட்டுத் தொக்பொக்கி விலை கூடியதாகத் தெரியலாம். குளிரில் பத்து மணிநேரம் நின்று பதம் பார்க்கும் கைக்கு அது அதிகமில்லை. இறாலுக்குக் கொடுக்கும் பணத்தோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு.

சைவர்களுக்கு ஒரு குறிப்பு. தொக்பொக்கியில் இறைச்சி தெரியாவிட்டாலும் சாற்றில் நெத்திலி இருக்கும். துண்டு துண்டாக ஓமுக்கும் மிதக்கும். கேட்டு வாங்கினாலும் பயனில்லை. இனிப்பு ஹொத்தொக்குக்கே போகலாம். மாவில் என்ன சேர்கிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மதிப்பிட்டுச் சொன்னால், பூசான் விதை ஹொத்தொக்கையும் ஓமுக்கையும் முதல் வரிசையில் வைக்கிறேன். கோதுமைத் தொக்பொக்கி, நல்ல கை கிடைத்தால், அவற்றுக்கு அடுத்தது. கை நல்லதா என்பதைக் குழம்பைப் பார்த்தே சொல்லலாம்: பளபளவென்று கண்ணாடியாக மின்னினால் பாகு, சற்று மங்கலாக, விளிம்பில் சுண்டியிருந்தால் நில்லுங்கள். அதற்கும் கீழே பிந்தேத்தொக், தொத்திறைச்சி ஹாட்டாக். புங்கொப்பாங் பாசத்துக்காக. மியோங்தோங்கின் சீஸ் வரிசை முழுவதையும் கடந்து போகலாம்.

முதல் மூன்றில் ஒன்றைத்தான் தேர வேண்டுமென்றால் ஓமுக். தொக்பொக்கியை இன்று சங்கிலிக் கடைகளில் மேசைக்கே கொண்டுவந்து கொதிக்க வைக்கிறார்கள். பெரிதாக ஒன்றும் குறைவதில்லை. ஹொத்தொக் மாவு பெட்டியில் அடைத்துப் பல்பொருள் அங்காடியில் கிடைக்கிறது, வீட்டிலும் ஓரளவு வருகிறது. ஓமுக்கையும் உள்ளே கொண்டுபோகப் பார்த்தார்கள். ரொட்டிக்கடை பாணியில் கண்ணாடிப் பேழையில் அடுக்கிய பூசான் கடைகளில் மீனின் தரம் வண்டியைவிட உயர்வுதான். ஆனால் காலையில் வைத்து இரவு வரை, விற்கும் குச்சி ஒவ்வொன்றாலும் சுவை ஏறிக்கொண்டே வரும் அந்தச் சாற்றை எந்தப் பேழையிலும் வைக்க முடியாது. அதற்கு ஒரு பாத்திரம் வேண்டும், நாளெல்லாம் அணையாத அடுப்பு வேண்டும், வந்து போய்க்கொண்டே இருக்கும் ஆட்கள் வேண்டும்.